சுவரிலிருந்து வந்த ஹொக்கி

1

போன மாதம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த கேபிள் வயர் ஒருவழியாக உயிரை விட்டது. இனி எல்லாம் இன்ரநெற்றில்தான் வரும், பழைய வயரில் ஒன்றும் வராது என்று கட்டட அலுவலகத்துப் பிள்ளை முதலே சொல்லியிருந்தாள். என்றாலும் அன்று காலை ரீவியைப் போட்டதும் கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் அங்குமிங்கும் மிதந்ததைப் பார்க்க ஒரு மாதிரித்தான் இருந்தது.

இவர், என் வீட்டுக்காரர், ரீவிக்குப் பின்னால் குந்தி, வயரைத் திருகிக் கழற்றி, வளையமாகச் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு அலுமாரிக்குள் வைத்தார்.

"எறியுங்கோவன், இனி என்னத்துக்கு?" என்றேன்.

"கிடக்கட்டும்."

மன்னாரில் இருக்கும் தங்கச்சியோடு அன்று கதைத்தபோது இதைச் சொன்னேன். "ஒரு வயர் போனதுக்கு இவ்வளவு கவலையோ அக்கா? இஞ்சை டிஷ்ஷிலை எத்தனை சனல் வருது எண்டு எனக்கே தெரியாது" என்று சிரித்தாள். அவளுக்கும் அவளைப்போல அங்கே இருக்கிற மற்றவர்களுக்கும் அந்த வயரின் கதையைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

2

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருப்பது ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கத்தில், ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி. வந்த காலம் தொட்டு இதே வீடுதான். கூட வந்தவர்கள் மார்க்கம் என்ற ஊருக்குப் போனார்கள், பிறகு அதற்கும் அப்பால் ஸ்ரௌவ்வில்லுக்குப் போனார்கள், இரண்டு கார் நிற்கிற கராஜ் கட்டினார்கள். நாங்கள் போகவில்லை. பஸ் வாசலில் நிற்கும், மாதா கோயில் நடை தூரம், மீன்கடை எதிரில். வாடகையோடு அடிப்படைக் கேபிளும் சேர்த்தி. சுவரில் ஒரு துளை, அதிலிருந்து ஒரு வயர். அதை ரீவியில் செருகினால் உள்ளூர்ச் சனல்கள் சில வரும். எங்களுக்கு அது போதும்.

இவருக்கு வேலை ஒரு பண்டகசாலையில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. இவரின் முழுப்பெயர் அந்தோனிப்பிள்ளை. அங்கே 'ரோனி'. பனிக்காலம் முழுவதும் திங்கட்கிழமை காலையில் அங்கே ஒரே கேள்விதான்: "ரோனி, சனிக்கிழமை கேம் பாத்தியா?" இவரும் தலையாட்டுவார். "யா, யா. குட் கேம்."

ஹொக்கி என்றதும் புல்தரையில் விளையாடுவதை நினைக்கக்கூடாது. இது பனிக்கட்டியின் மேல், சறுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு. பந்து கிடையாது. சப்பாத்துப் பொலிஷ் பேணி அளவில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை, அதற்குப் பெயர் பக். அதைத் தடியால் அடித்து வலைக்குள் போடவேண்டும். எங்கள் பழைய பெட்டி ரீவியில் இவர் சனிக்கிழமைதோறும் பார்க்கத்தான் செய்தார். ஆனால் அந்தக் கலங்கிய படத்தில் பக் தெரியவே தெரியாது. வெள்ளைத் தரையில் ஆட்கள் எல்லோரும் ஒரு பக்கம் ஓடுவார்கள், பிறகு மறு பக்கம் ஓடுவார்கள், திடீரென்று கையைத் தூக்கிக்கொண்டு கட்டிப்பிடிப்பார்கள். கோல் விழுந்தது என்று அப்போதுதான் விளங்கும். இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருடம் இவர் அப்படித்தான் ஹொக்கி பார்த்தார், தலையாட்டினார்.

எங்களுக்கு ஒரே மகள், ஜெனிற்றா. அவள் படிப்பு முடித்து ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்ததும் முதல் செய்த காரியம் ஒரு பெரிய தட்டை ரீவி வாங்கிக்கொண்டு வந்ததுதான். வயரைச் செருகிப் பார்த்தால் படம் முன்னையைவிட மோசம். செய்தி வாசிக்கிறவரின் முகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. எச்டி என்கிற தெளிவான படம் பார்க்கவேண்டும் என்றால் கேபிள்காரரிடம் பெட்டி வாடகைக்கு எடுக்கவேண்டும் என்று கடைப் பெடியன் சொல்லியிருந்தானாம். ஜெனி எடுப்போம் என்றாள். இவர் மாட்டேன் என்றார்.

"வயரிலை வாறதைப் பாக்கிறதுக்குப் பெட்டி எதுக்கு?"

"அப்பா, அது டிஜிற்றல். பெட்டிதான் டிகோட் பண்ணும்."

இவர் அடுத்த நாள் வேலையால் வந்து, றிமோட்டை எடுத்து, ரீவியின் பட்டியலுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சனல் தேடு என்று ஒரு இடம் இருந்தது. அதில் 'கேபிள்' என்பதை அமத்தினார். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. நான் சோறு வடித்து, மீன் பொரித்து முடித்தும் அது முடியவில்லை.

"பிலோ, இஞ்சை வா."

போய்ப் பார்த்தேன். எண்பத்தைந்துக்கு ஒரு கோடு போட்டு ஒன்று, எண்பத்தைந்துக்கு ஒரு கோடு போட்டு இரண்டு என்று கார் இலக்கம்போல விசித்திரமான இலக்கங்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஆனால் அதில் ஒன்றை அமத்தியதும் செய்தி வாசிக்கிற பெண்ணின் காதுத் தோட்டில் இருந்த கல் மினுங்கியது. எல்லாச் சனலும் அப்படி வரவில்லை. சில கறுப்பாகக் கிடந்தன, சில பூட்டு என்று சொல்லின. ஆனால் அடிப்படைக் கேபிளில் எங்களுக்கு உரிய உள்ளூர்ச் சனல்கள் அத்தனையும் பெட்டி இல்லாமலே பளிச்சென்று வந்துவிட்டன.

அந்தச் சனிக்கிழமை இவர் ஏழு மணிக்கே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து திரைக்குக் கிட்டப் போய் விரலை வைத்தார்.

"உது தெரியுது."

"எது?"

"பக். உதிலை போகுது பார்."

ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டு போனது. இவர் சிரித்தார். தன்பாட்டில் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.

3

இவருக்கு ரீவியோடு உள்ள பழக்கம் ஊரிலேயே தொடங்கியது. மன்னாரில் அந்தக் காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியச் சனலைப் பிடிக்க எல்லோரும் நெடிய குழாயில் அன்ரெனா கட்டுவார்கள். கரண்ட் இல்லாத நாட்களில் கார் பற்றரியில் ரீவி ஓடும். காற்று மாறினால் படம் போய்விடும். இவர்தான் எங்கள் ஒழுங்கையில் கூரையில் ஏறிக் குழாயைத் திருப்புகிறவர். "தெரியுதோ?" என்று மேலிருந்து கத்துவார். "இல்லை, இன்னும் கொஞ்சம் இராமேச்சரப் பக்கம்!" என்று உள்ளே இருந்து நாங்கள் கத்துவோம். கலியாணத்துக்கு முதல் நான் இவரோடு பேசிய பேச்சு முழுக்கக் கூரைக்கும் முற்றத்துக்கும் நடுவில்தான்.

ஆகாயத்தில் வந்ததைப் பிடித்தபோது ஒருவருக்கும் மனம் உறுத்தவில்லை. ஆனால் இங்கே இவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. "களவு இல்லையே? அவையிட்டைக் கேட்டுச் சொல்லு" என்று என்னை அரித்தெடுத்தார். இவருக்குத் தொலைபேசியில் ஆங்கிலம் பேசப் பிடிக்காது. நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை, பல நாட்டுப் பெண்களோடு பேசிப் பழக்கம். ஆகவே நானே எடுத்தேன்.

இசை கேட்டு, இலக்கம் அமத்தி, மறுபடி இசை கேட்டு, கடைசியில் ஒரு பெடியன் வந்தான்.

"பெட்டி இல்லாமல் எச்டி வராது, மாம்."

"இப்ப வந்துகொண்டிருக்கு."

"நொட் பொசிபிள், மாம்."

"நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நோ பொக்ஸ். மை ஹஸ்பண்ட் டிரெக்ட் இன் த வோல்."

"உங்கடை கணவர் சுவருக்குள்ளையா இருக்கிறார், மாம்? அவருக்கு உதவி ஏதும் வேணுமா?" என்று மிகக் கவலையோடு கேட்டான்.

என் சிரிப்பு அடங்கியபின் மேலதிகாரியாக ஒரு பெண் வந்தாள். அடிப்படைச் சனல்களை நாங்கள் பூட்டுவதில்லை, உங்கள் ரீவியே அதைப் பிடித்தால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் நாங்கள் இலக்கங்களை இடைக்கிடை மாற்றுவோம், போய்விட்டது என்று எங்களைக் கூப்பிடக்கூடாது என்றாள். இவருக்குச் சொன்னேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

எனக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது. திரையின் அடியில், பேசுகிற ஆங்கிலத்தை எழுத்தாக ஓட வைக்கலாம். பழைய ரீவியில் அந்த எழுத்துக் கரைந்து கிடக்கும், இதில் அச்சடித்ததுபோல நின்றது. காலையில் தேத்தண்ணியோடு வானிலை சொல்கிற பெண்ணின் முன் உட்கார்ந்து வாசிப்பேன். என் ஆங்கிலத்தில் பாதி அவள் தந்தது. அதனால் என்னோடு கதைக்கிறவர்களுக்கு மழை, காற்று, குளிர் எல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

4

ஜெனிக்கு ஒஷாவாவில் நல்ல வேலை கிடைத்து அங்கேயே போனாள். முதலில் ஒவ்வொரு வார இறுதியும் வந்தாள். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருக்கால். பிறகு, "அம்மா, திஸ் வீக் கொஞ்சம் பிஸி." அவளுடைய தமிழ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து வந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நானும் அந்த வயதில் தாயிடம் எல்லாம் சொன்னேனா?

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். டேனியல் என்று ஒரு பெடியன். அவளோடு வேலை செய்கிறவன். ஒஷாவாவிலேயே பிறந்து வளர்ந்தவன், வெள்ளைக்காரன். கலியாணம் செய்ய விருப்பம்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் கரையில் வைத்தார்.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த 'ம்' பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கிடந்தது. சம்மதமா இல்லையா என்று நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். "பாப்பம்" என்பார். ஜெனி தொலைபேசியில் அழுதாள். "அம்மா, இஸ் ஹீ மாட்? கோவமெண்டால் பேசச் சொல்லுங்கோ. ஹீ டஸின்ட் சே எனிதிங்." நான் என்ன சொல்வது? எனக்கே தெரியவில்லை. கோபம் இல்லை என்பது மட்டும் தெரியும். கோபம் என்றால் கதவு அடிபடும்.

கடைசியில் டேனியலின் தாய் தகப்பன் எங்களைப் பார்க்க வருவது என்று முடிவானது. ஜெனி ஒரு சாப்பாட்டுக்கடையில் சந்திக்கலாம் என்றாள். இவர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"வீட்டை வரட்டும். சனிக்கிழமை."

"ஏன் சனிக்கிழமை?"

"ஹொக்கி மச் இருக்கு. கதைக்க ஒண்டும் இல்லாட்டி அதைப் பாக்கலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மனிதர் பயந்துபோயிருக்கிறார். மகளைக் கொடுப்பதற்கு அல்ல. அந்த வீட்டாரின் முன் உட்கார்ந்து என்ன பேசுவது, எந்த மொழியில் பேசுவது என்று.

ஜெனிக்கு வேறு பயம். "அப்பா, சும்மா ஒரு மாசத்துக்கு ஒரு பொக்ஸ் எடுங்கோ. நானே கொண்டுவாறன். ரீவி பாதியிலை நிண்டால் எம்பரஸிங்காய் இருக்கும்."

"பெட்டி இல்லாட்டி அவை வரமாட்டினமோ?"

"அப்பா!"

"எனக்குப் பெட்டி வேண்டாம்."

அவள் கோபத்தோடு தொலைபேசியை வைத்தாள்.

5

அந்தச் சனிக்கிழமை ஜெனி காலையிலேயே வந்துவிட்டாள். இரண்டு பேருமாக மீன் கட்லட்டும் ரோல்ஸும் செய்தோம். தகப்பனும் மகளும் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள். வெளியே ஸ்னோ கொட்டியது.

ஆறரை மணிக்கு இவர் ரீவியைப் போட்டார். கறுப்பு. அடுத்த இலக்கம், கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. தொலைபேசியில் அந்த மேலதிகாரிப் பெண் சொன்னபடி கேபிள்காரர் அன்றைக்குத்தானா இலக்கத்தை மாற்றவேண்டும்?

ஜெனி கையில் மா ஒட்டியபடி குசினி வாசலில் நின்று பார்த்தாள். "ஐ ரோல்ட் யூ" என்று மெல்லச் சொன்னாள். இவர் ரீவியை முன்னுக்கு இழுத்து, பின்னால் போய் முழங்காலில் நின்று வயரைத் திருகத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டேனியல் நெடுவல். அவனுக்குப் பின்னால் அவனைவிட நெடுவலாகத் தகப்பன் கென், கையில் பூங்கொத்தோடு தாய் லிண்டா. எங்கள் சின்ன நடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து சப்பாத்துக் கழற்ற, தலைகள் முட்டாமல் தப்பியது புண்ணியம். உள்ளே வந்தார்கள். வீட்டுக்காரர் எங்கே என்று பார்த்தால் ரீவிக்குப் பின்னால் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது.

"அப்பா!" என்றாள் ஜெனி.

இவர் எழுந்தார். நல்ல சேட்டில் தூசி. கையைத் துடைத்துக் கை கொடுத்தார். "சொறி. ரீவி கோன்" என்றார், ரீவி போய்விட்டது என்ற அர்த்தத்தில்.

கென் ரீவியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார். "பெட்டி எங்கை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜெனியின் முகம் சிவந்துவிட்டது. இவர் நிமிர்ந்து நின்றார். "நோ பொக்ஸ். பேசிக். டிரெக்ட்."

"பெட்டி இல்லையா?" கென் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "லிண்டா, கேட்டாயா? இவரிட்டையும் பெட்டி இல்லை!"

லிண்டா இரண்டு கையையும் விரித்து என்னைப் பார்த்தாள். "எங்கடை வீட்டிலையும் இதே கதைதான். எத்தனை வருசமாய்ச் சண்டை பிடிக்கிறன். பெட்டிக்கு வாடகை குடுக்கமாட்டாராம்."

கென் மேலங்கியைக் கழற்றி டேனியலின் கையில் கொடுத்துவிட்டு நேரே ரீவிக்குப் பின்னால் போய்க் குந்தினார். இவரும் மறுபடி குந்தினார். வயரின் முனையில் உள்ள ஊசி வளைந்திருக்கு என்று ஒருவர், இல்லை, மறுபடி தேடவேண்டும் என்று மற்றவர். இவருடைய ஆங்கிலமும் கென்னின் விரல்களும் எப்படியோ சந்தித்துக்கொண்டன. தேடு என்பதை அமத்திவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, திரையில் கோடு நீள்வதைப் பார்த்தார்கள். பதினொரு வீதம். பன்னிரண்டு வீதம். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல.

நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். லிண்டா என் கையைப் பிடித்து, "ஹவ் ஆர் யூ?" என்றாள். சாதாரணமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். நான் பதறிப்போனேன். காலையிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்த ஆங்கிலம் எல்லாம் கலைந்துபோய், நாக்கில் நின்றது ஒன்றுதான்.

"மிக்ஸ் ஒஃப் சன் அன்ட் கிளவுட்" என்றேன்.

வெயிலும் முகிலும் கலந்து. வானிலைப் பெண் தினமும் சொல்வது. ஜெனி வாயைப் பொத்திக்கொண்டாள். லிண்டா ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, கண்ணைத் துடைத்து, "மீ ரூ" என்றாள். "எனக்கும் அதேதான். காரிலை வரேக்கை முழுக்க அழுதன். ஒரே பெடியன்." அதற்குப் பிறகு நாங்கள் குசினிக்குள் போய்விட்டோம். மகனைப் பற்றி அவளும் மகளைப் பற்றி நானும் சொன்னவற்றில் பாதி மற்றவருக்கு விளங்கியிருக்காது. அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

முன்னறையிலிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். படம் வந்துவிட்டது. பளிங்குபோல வெள்ளைப் பனிக்கட்டி, நீலச் சட்டைகள், ஆட்டம் தொடங்கியிருந்தது. ஆனால் வர்ணனை ஆங்கிலத்தில் இல்லை. ஒருவர் உச்சக் குரலில், மூச்சு விடாமல், எங்களுக்குத் தெரியாத மொழியில் பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தார். ஆங்கிலச் சனல் எங்கோ போய்விட்டது. பல மொழி நிகழ்ச்சிகள் போடுகிற உள்ளூர்ச் சனல்தான் அகப்பட்டிருந்தது.

கென் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இவரிடம் மரியாதையோடு குனிந்து, "என்ன சொல்லுறார்?" என்றார்.

"தெரியாது."

"இது உங்கடை மொழி இல்லையா?"

"நோ, நோ. பஞ்சாபி. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது."

கென் இவரைப் பார்த்தார். "எனக்கும்தான்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த ஆறு பேருக்கும் தெரியாத மொழியில் நாங்கள் ஹொக்கி பார்த்தோம். கோல் விழுந்தபோது வர்ணனையாளர் ஒரு பாட்டையே பாடினார். கென்னும் அதைப்போல் பாடிப் பார்த்தார். டேனியல் தரையில் இவருடைய காலடியில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டான். எத்தனையாவது என்று நான் பார்க்கவில்லை. ஏன் ஆட்டம் நின்றது, அந்த ஆளை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று இவர் அவனைக் கேட்டார். இத்தனை வருடமும் தலையாட்டி மறைத்த கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டேனியல் பொறுமையாக, மேசையில் கட்லட்டை நகர்த்திக் காட்டி விளங்கப்படுத்தினான்.

6

ஸ்னோ கூடிக்கொண்டு போனதால் ஆட்டம் முடிய முன்னரே புறப்பட்டார்கள். ஜெனியும் அவர்களோடு ஒஷாவா திரும்பவேண்டும். வழியனுப்ப நாங்களும் கீழே இறங்கினோம். எனக்கு மனம் நிறைந்திருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒன்று குறுகுறுத்தது. இவர் சிரித்தார், பேசினார், கை கொடுத்தார். கேட்கவேண்டிய ஒன்றை ஒருவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. லிஃப்ற்றில் ஜெனி தன் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கார் முழுக்க வெள்ளையாய் மூடிக் கிடந்தது. கென் ஸ்னோ தட்டுகிற நீளத் தூரிகை ஒன்றை எடுத்து முன் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினார். இவர் காருக்குள் கிடந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனார். இரண்டு பேரும் தட்டினார்கள். லிண்டா ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜெனி பின் கதவைத் திறந்தாள்.

இவர் கண்ணாடியைத் தட்டியபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"ஜூன் குட். நோ ஸ்னோ."

கென் கையை நிறுத்தினார். "எதுக்கு?"

"வெடிங்குக்கு."

ஜெனி திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். டேனியல் என்னைப் பார்த்தான், சரியாகத்தான் கேட்டதா என்பதுபோல. நான் தலையாட்டினேன். கென் தூரிகையைக் காரின் மேல் வைத்துவிட்டு, முன்பக்கத்தால் சுற்றிவந்து இவருடைய தோளில் கை போட்டார். இவர் தட்டிய இடத்தையே இன்னொரு முறை தட்டினார்.

ஜெனி வந்தாள். தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் தூரிகையைப் பறித்து டேனியலிடம் நீட்டினாள். பிறகு இவருடைய இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தாள்.

"கையுறை போடாமல் நிக்கிறியள் அப்பா. ஐஸ் மாதிரிக் கிடக்கு" என்று பேசிக்கொண்டே அந்தக் கைகளைத் தன் குளிரங்கிப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். டேனியல் காரைத் துடைத்து முடிக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

கலியாணம் ஜூனில் நடந்தது. ஸ்னோ இல்லைத்தான். கோயில் படியில் இறங்க முடியாத அளவுக்கு நல்ல மழை.